போன் பில்லுக்கு ஆட்டோ டெபிட் போடலாமா?

கேள்வி: 2025 மே 4, காலை

நான் பெங்களூரில், அப்பா அம்மா கோயம்புத்தூரில். வீட்டு பிராட்பேண்ட், அப்பாவின் போஸ்ட்பெய்டு, என் போஸ்ட்பெய்டு என்று மூன்று பில். மாதாமாதம் நினைவு வைத்துக் கட்ட முடியவில்லை. வங்கிக் கணக்கிலிருந்து ஆட்டோ டெபிட் போட்டால் மாதம் ஐம்பது ரூபாய் தள்ளுபடி என்கிறது கம்பெனி. அப்பா கூடவே கூடாது என்கிறார். நீங்கள் வங்கியில் இருந்தவர், சொல்லுங்கள் சார்.

மே 4, காலை 11.20

அப்பா பேச்சைக் கேளுங்கள் தம்பி.

அகமதாபாத்தில் ஒருவர். மாத வாடகை 249 ரூபாய், வோடபோன் போஸ்ட்பெய்டு. சராசரியாக மாதம் 555 ரூபாய் வரும். ஒழுங்காகக் கட்டிவிடலாமே என்று கிரெடிட் கார்டில் ஆட்டோ பே போட்டு வைத்திருந்தார். 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரைக்கான பில் 24,609 ரூபாய் 51 காசு. அந்த 51 காசுதான் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது.

நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். உங்களுக்கு அங்கே வேலையில்லை என்றது வோடபோன் தரப்பு. 1885-ஆம் வருஷத்து தந்திச் சட்டத்தின் 7பி பிரிவுப்படி மத்தியஸ்தத்துக்குத்தான் போகவேண்டும் என்பது வாதம். விளையாட்டு வாதம் இல்லை, 2009-இல் உச்ச நீதிமன்றமே அப்படித்தான் சொல்லியிருந்தது. கடைசியில் 2022 பிப்ரவரி 16 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, நுகர்வோர் மன்றம் தாராளமாக விசாரிக்கலாம் என்று தீர்த்து வைத்தது.

கவனியுங்கள், பில் சரியா தப்பா என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. எந்தக் கதவைத் தட்டலாம் என்று தெரிந்துகொள்ளவே எட்டு வருஷம். இதற்கா ஐம்பது ரூபாய் தள்ளுபடி?

மே 4, இரவு 9.45

காலையில் வேகத்தில் எழுதிவிட்டேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து யோசித்தால் என் உதாரணமே பழசு.

அந்த 24,609 ரூபாயை இன்றைக்கு ஒரு கார்டிலிருந்து சத்தமில்லாமல் எடுக்க முடியாது. 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் இ-மேன்டேட் விதிகள் முழுசாக அமலில் இருக்கின்றன. மேன்டேட் என்றால் தானாகப் பணம் எடுத்துக்கொள்ள நாம் கொடுக்கும் அனுமதி. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும். அந்தத் தகவலிலேயே வேண்டாம் என்று சொல்ல வழி இருக்க வேண்டும். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஓடிபி. 2022 ஜூனில் அந்த 5,000 என்பது 15,000 ஆனது. ஞாபகம் இருக்கிறதா, அந்த அக்டோபரில் எல்லோருடைய பட சந்தாவும் ஒரே நேரத்தில் நின்றுபோனது? இதனால்தான். அன்றைக்கு நானும் திட்டினேன். விதி நம் பக்கம் என்பது பிறகுதான் உறைத்தது.

ஆகவே கார்டு என்றால் என் எச்சரிக்கையில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் கேட்டது வங்கிக் கணக்கு. அது வேறு கதை. நாளை எழுதுகிறேன்.

மே 6, காலை

நாளை என்றேன், நேற்று மின்வெட்டு.

ஆட்டோ டெபிட் என்று ஒரே பெயரில் மூன்று ஆசாமிகள் நடமாடுகிறார்கள். கார்டு ஒருவர். யுபிஐ ஆட்டோபே இன்னொருவர், 2020-இல் வந்தவர். மூன்றாவது ஆள்தான் மூத்தவர்: வங்கிக் கணக்கில் நேரடியாகக் கை வைக்கும் நாச் மேன்டேட். அந்தக் காலத்தில் இதே வேலையைச் செய்த ஈசிஎஸ்ஸின் வாரிசு. அந்த 24 மணி நேர விதி கார்டு, வாலட், யுபிஐ மூன்றுக்கும் எழுதப்பட்டது. நாச் அதற்குள் வராது. கம்பெனி கோப்பு அனுப்பும், கணக்கில் பணம் இருந்தால் போகும். அவ்வளவுதான்.

திருச்சியில் ஒரு கிளையில் ஈசிஎஸ் மேசை என்னுடையது, பல வருஷம். மேன்டேட் படிவங்கள் கட்டுக்கட்டாக வரும். கையெழுத்தை ஒப்பிட வேண்டும். வயதானவர்களின் கையெழுத்து மாறிப்போயிருக்கும், திருப்பி அனுப்புவோம். அவர்கள் கிளைக்கு வந்து என் கண்முன்னால் மறுபடி போடுவார்கள், அதுவும் வேறு மாதிரி இருக்கும்.

நாச் படிவம் வந்த பிறகு அதில் ஒரு கட்டம் பார்த்திருப்பீர்கள். ஃபிக்ஸட் அமவுண்ட், மேக்சிமம் அமவுண்ட் என்று இரண்டில் ஒன்றைக் குறிக்க வேண்டும், பக்கத்தில் தொகை. இன்னொரு கட்டத்தில் எதுவரை என்று தேதி, அல்லது, அப்போதெல்லாம், ரத்து செய்யும் வரை. நம் ஆட்கள் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பார்கள். மீதியைப் படிவம் வாங்க வரும் கம்பெனிப் பையன் நிரப்புவான். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் படிவத்தில் மாதம் முந்நூறு சொச்சம் வரும் டெலிபோன் பில்லுக்கு மேக்சிமம் ஐம்பதாயிரம் என்று இருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன்.

"அம்மா, இவ்வளவு போட்டிருக்கிறீர்களே?"

"நான் எங்கே போட்டேன்? அந்தத் தம்பி, பெரிய நம்பரா இருந்தா திரும்பி வராதுன்னு சொல்லிச்சு."

திரும்பி வராதுதான். பணமும் திரும்பி வராது. அதை ஒதுக்கிவிட்டு, புதுப் படிவத்தில் ஆயிரம் என்று எழுதி, அவர் கையெழுத்தை வாங்கி அனுப்பினேன். கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்து, ஏன் சார் எங்கள் பிழைப்பில் மண் போடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனான். நல்ல பையன்தான். இலக்கு வைத்து ஓட்டியிருப்பார்கள்.

மே 6, மாலை

நாச் மேன்டேட் ஒவ்வொன்றுக்கும் யுஎம்ஆர்என் என்று எழுத்தும் இலக்கமுமாக இருபது இடத்தில் ஒரு அடையாள எண் உண்டு. அதை எங்காவது குறித்து வையுங்கள். ரத்து செய்யப் போனால் முதலில் கேட்பது அதைத்தான். ஜாதகம் தொலைந்தாலும் பரவாயில்லை, இது தொலையக்கூடாது.

மே 11

ஊருக்கு உபதேசம் செய்கிறீர்களே, உங்கள் வீட்டில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் வீட்டில் நாச் இருந்தது. சிரித்து முடியுங்கள், அப்புறம் சொல்கிறேன்.

மருமகன் வந்தபோது வைத்துக் கொடுத்த பிராட்பேண்ட். 499 ரூபாய் பிளான், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 588 ரூபாய் 82 காசு. கம்பெனி பெயர் வேண்டாம். ஜனவரி 20-ஆம் தேதி இணைப்பை ஒப்படைத்தேன். மோடத்தை ஒரு ஆள் வந்து எடுத்துக்கொண்டு போனான், ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தான். பிப்ரவரி 6-ஆம் தேதி 588.82 பிடித்தம். சரி, கடைசி பில்லாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மார்ச் 6, மறுபடி 588.82. இப்போது கோபம் வந்தது.

கம்பெனிக்குப் போன் செய்தால், இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது சார், எங்கள் பக்கம் பில்லே இல்லை, வங்கியில் கேளுங்கள் என்றார்கள். வங்கிக்குப் போனேன், நான் வேலை பார்த்த வங்கி இல்லை, இது வேறு. கவுன்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, கம்பெனி கேட்டது நாங்கள் கொடுத்தோம், அவர்களிடம்தான் சார் கேட்க வேண்டும் என்றாள். இதே வாக்கியத்தை இதே தொனியில் நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

மார்ச் 10-ஆம் தேதி மேன்டேட்டை ரத்து செய்யச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். ஏப்ரல் 6, மூன்றாவது முறை 588.82. ஞாயிற்றுக்கிழமை! 2021 ஆகஸ்டிலிருந்து நாச் எல்லா நாளும் ஓடுகிறது, ஞாயிறு, தீபாவளி ஒன்றும் கிடையாது. என் காலத்தில் ஞாயிறன்று யார் பணமும் எங்கேயும் போகாது.

மொத்தம் 1,766 ரூபாய் 46 காசு. இன்றுவரை வரவில்லை. அதனால்தான் முதல் பதிலில் அவ்வளவு காரம்.

மே 19

திருத்தம், இது பெரிய திருத்தம். என் பழைய சகா ஒருவர் இதைப் படித்துவிட்டுப் போன் செய்தார். "நீ முப்பது வருஷம் என்னத்தடா கிழிச்சே?" என்று ஆரம்பித்தார்.

2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது, அந்த அக்டோபர் 15 முதல் அமல். தோல்வியான பரிவர்த்தனைகளுக்கு எத்தனை நாளில் பணம் திரும்ப வேண்டும், தாமதமானால் என்ன தர வேண்டும் என்று வகைவகையாக ஒரு அட்டவணை. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால் ஐந்து நாள், அதற்கு மேல் நாளுக்கு நூறு ரூபாய் என்பது பலருக்குத் தெரியும். அதே அட்டவணையில் நாச்சுக்கும் ஒரு வரி இருக்கிறது. வாடிக்கையாளர் மேன்டேட்டை ரத்து செய்த பிறகும் பணம் பிடித்தால் அதற்கு வாடிக்கையாளரின் வங்கிதான் பொறுப்பு. மறுநாளுக்குள் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் நாளுக்கு நூறு ரூபாய். வாடிக்கையாளர் கேட்காமலே தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

நான் 2017-இல் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சாக்கு சொன்னேன். எடுபடவில்லை.

ஆனால் இதில் ஒரு நுணுக்கம். வங்கிக்கு நான் எழுத்தில் கொடுத்தது மார்ச் 10. ஆகவே பிப்ரவரி, மார்ச் பிடித்தங்கள் வங்கியின் தலையில் விழாது. இணைப்பை ஒப்படைத்தால் மேன்டேட்டும் செத்துவிடும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். சாகாது. அதைத் தனியாக வங்கியில் கொல்ல வேண்டும். ஏப்ரல் 6 மட்டும் வங்கியின் கணக்கு.

நாளை எழுத்தில் புகார் கொடுக்கப் போகிறேன்.

ஜூன் 1

வங்கி 588.82-ஐ மே 30 அன்று வரவு வைத்தது. தாமதத்துக்கான நூறு ரூபாய் பற்றி மூச்சு இல்லை. கேட்டதற்கு, சிஸ்டத்தில் அப்படி ஒரு ஆப்ஷன் இல்லை என்றார்கள். ஏப்ரல் 8 முதல் மே 30 வரை எண்ணினால் 53 நாள். விடுவதாக இல்லை. புகார் கொடுத்து 30 நாள் ஆனபிறகும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரிலிருந்து எல்லாம் ஒரே திட்டம், ஒரே இணையதளம். காத்திருக்கிறேன்.

இடையில் ஒருவர், வரிசையில் நின்று கட்டிய காலமே மேல் என்று எழுதியிருக்கிறார். ஐயா, நீங்கள் நின்றதில்லை போலிருக்கிறது. டெலிபோனுக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்போம். இணைப்பு வந்த பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு பில், எக்ஸ்சேஞ்ச் கவுன்டரில் வெயிலில் வரிசை, சில்லறை இல்லை என்றால் மறுபடி கடைசியில் நில். எங்கள் பெரியப்பா டயலில் சின்னப் பூட்டு போட்டுச் சாவியைப் பூணூலில் முடிந்து வைத்திருப்பார். பில் தப்பென்று எழுதிக் கொடுத்தால் மீட்டர் சரியாகத்தான் ஓடுகிறது என்று ஒரு வரிப் பதில் வரும். செல்போன் வந்தபோது வருகிற அழைப்புக்கும் காசு. 2003 மே மாதம்தான் அது போனது. மிஸ்டு கால் பரம்பரையே அப்படி வளர்ந்ததுதானே.

பழசு மேலில்லை. யாரைத் திட்டுவது என்று மட்டும் அப்போது தெரிந்திருந்தது.

ஜூன் 14

மே 4-இல் தம்பிக்கு நான் சொன்னதை அப்படியே என் தலையில் நானே கொட்டிக்கொண்டேன்.

நாச் சண்டைக்குப் பிறகு எல்லாவற்றையும் கையாலேயே கட்டுவது என்று முடிவெடுத்திருந்தேன். என் போஸ்ட்பெய்டு பில் மின்னஞ்சலில் வரும். எந்த மின்னஞ்சலுக்கு? வேலையில் இருந்தபோது கொடுத்த பழைய முகவரிக்கு. எஸ்எம்எஸ்ஸில் நினைவூட்டல் வந்திருக்கும், நாளுக்கு நாற்பது குப்பைச் செய்தி வருகிற பெட்டியில் யார் பார்த்தது? இரண்டு பில் நிலுவை. முதலில் வெளியே போகும் அழைப்பு நின்றது, டவர் பிரச்சினை என்று நினைத்தேன். அப்புறம் உள்ளே வருவதும் நின்றது.

இதில் கூத்து என்னவென்றால், அதே வாரம் புதுப் போன் வாங்கியிருந்தேன். சரி, வீட்டு வைஃபையில் யுபிஐ மூலம் கட்டிவிடலாம் என்று செயலியை நிறுவினேன். புதுப் போனில் பதிவு செய்ய, அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அது தானாக அனுப்பும். அனுப்ப முடியவில்லை, இணைப்புதான் துண்டாகிவிட்டதே. நெட்பேங்கிங் போனேன், ஓடிபி வரும் என்றது. எங்கே வரும்? கார்டு போட்டேன். ஓடிபி. அதே எண்.

பில் கட்ட ஓடிபி வேண்டும், ஓடிபி வர பில் கட்டியிருக்க வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்கிற கதை. கணக்கில் பணம் இருக்கிறது, கையில் போன் இருக்கிறது, முப்பது வருஷ வங்கி அனுபவம் இருக்கிறது. ஒரு பில் கட்ட முடியவில்லை.

என் மனைவி கொடியில் துணி எடுத்துக்கொண்டே, "நம்பரைச் சொல்லுங்க" என்றாள். அவள் போனிலிருந்து இரண்டு நிமிஷத்தில் கட்டினாள். ஒரு மணி நேரத்தில் லைன் வந்தது. வந்த முதல் எஸ்எம்எஸ், மூன்று மணி நேரம் முன்னால் நான் கேட்ட ஓடிபி.

யார் பில்லை யார் வேண்டுமானாலும் கட்டலாம். இந்த எளிய விஷயம் எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

ஜூன் 15

மேலே எழுதியதைப் படித்த ஒருவர், ஓடிபி வராததற்கு எப்போதும் நாமே காரணம் இல்லை என்று நினைவூட்டினார். உண்மை. 2021 மார்ச் 8. வணிக எஸ்எம்எஸ்களை, முன்கூட்டியே பதிவு செய்த மாதிரி வாசகமான வார்ப்புருவோடு ஒப்பிட்டு, பொருந்தாததைத் தடுக்கும் முறையை அன்று இயக்கினார்கள். மோசடிச் செய்தி நிற்க வேண்டும் என்பது நோக்கம். வங்கிகள் பல வார்ப்புருவை ஒழுங்காகப் பதியவில்லை. வங்கி ஓடிபி, ஆதார் ஓடிபி, தடுப்பூசிப் பதிவு ஓடிபி எல்லாமே மாட்டிக்கொண்டன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் அந்த முறையை ஏழு நாள் நிறுத்தி வைத்தது. தொலைபேசிக் கம்பெனிகள் வங்கிகளைக் கைகாட்டின, வங்கிகள் கம்பெனிகளை. என் 588.82-க்கு நடந்ததுதான், நாடு முழுக்க.

ஜூன் 15, இரவு

தூக்கம் வரவில்லை, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பில் கட்டாமல் விட்டால் லைன் போகும், கட்டினால் வந்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறீர்கள். எண்ணே போய்விடும்.

எங்கள் பெரியம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம். வங்கியில் கொடுத்திருந்தது ஒரு பழைய ப்ரீபெய்டு எண். போன் பீரோவில் புடவைக்கு அடியில் கிடக்கும். ரீசார்ஜ் செய்ய யாருக்கும் நினைவில்லை. துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாள் வேறு யாருக்கும் தரக்கூடாது, அதற்குப் பிறகு தரலாம். தந்துவிட்டார்கள். ஒரு நாள் தற்செயலாக அந்த எண்ணைக் கூப்பிட்டேன். யாரோ ஒரு பையன் எடுத்தான். விவரம் சொன்னேன். "ஓ, அந்தப் பாட்டியா? மாசாமாசம் பென்ஷன் வந்தா எனக்குத்தான் சார் மெசேஜ் வருது" என்றான். நல்ல வளர்ப்பு, எதுவும் செய்யவில்லை. வேறு யார் கையிலாவது போயிருந்தால் என்று இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

இந்த வருஷம் ஏப்ரல் 1 முதல், கைமாறிய எண்களின் பட்டியலை வைத்து வங்கிகளும் யுபிஐ செயலிகளும் வாரம் ஒருமுறையாவது தங்கள் பதிவைச் சரிசெய்ய வேண்டும் என்று யுபிஐயை நடத்தும் என்பிசிஐ சொல்லியிருக்கிறது. நல்லது. ஆனால் அதை நம்பி பீரோவில் போனை வைக்காதீர்கள். மறுநாளே பெரியம்மாவை ஆட்டோவில் ஏற்றிக் கிளைக்குக் கூட்டிப்போய் எண்ணை மாற்றினோம். கைரேகை விழவில்லை, நாலு தடவை முயன்றார்கள்.

வயதானவர்களுக்கு டேட்டா வேண்டாம், எண் உயிரோடு இருந்தால் போதும் என்றால், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளானைக் கேட்டு வாங்குங்கள். 2024 டிசம்பரில் ட்ராய் அதைக் கட்டாயமாக்கிவிட்டது, செல்லுபடி ஒரு வருஷம் வரை இருக்கலாம். கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார்.

ஜூன் 22

28 நாள் பிளானைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. வருஷத்துக்குப் பன்னிரண்டு சம்பளம், பதின்மூன்று ரீசார்ஜ். 2022-இல் ட்ராய் சொல்லி 30 நாள் பிளானும், மாதாமாதம் அதே தேதியில் முடியும் பிளானும் வந்துவிட்டன. தேடுங்கள், பட்டியலின் அடியில் இருக்கும். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 22, கொஞ்சம் கழித்து

ஒன்று இருக்கிறது. இந்தப் பதின்மூன்றாவது ரீசார்ஜால்தான் நினைவூட்டல் குழம்புகிறது. ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று, வாடகை ஒன்றாம் தேதி, காஸ் தீர்ந்தபோது. 28 நாள் மட்டும் எந்தத் தேதியிலும் நிற்காது. அமாவாசையாவது பஞ்சாங்கத்தில் இருக்கிறது.

ஜூலை 5

குறைதீர்ப்பாளரிடம் ஜூன் 21-ஆம் தேதியே புகார் பதிந்துவிட்டேன். முத்திரை குத்திய அந்த நகல்தான் என் ஒரே ஆயுதம். மோடத்துக்குக் கொடுத்த துண்டுச் சீட்டு கிடைக்கவில்லை.

கையால் கட்டுகிறவர்களுக்கு இதற்கிடையில் ஒரு விஷயம். கணக்கில் பணம் கழிந்துவிட்டது, கம்பெனி வரவில்லை என்கிறது, என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பதறி இரண்டாவது தடவை கட்டாதீர்கள். செயலியில் பில்லின் தொகையும் பெயரும் தானாக வந்து நிற்கிறதே, அது பாரத் பில் பேமென்ட் வழியாக வருவது, இப்போது பாரத் கனெக்ட் என்று பெயர். அதில் கட்டினால் ஒரு பரிவர்த்தனை எண் இருக்கும், புகாரை அதே செயலியிலேயே பதியலாம். யுபிஐ-யில் கடைக்கோ கம்பெனிக்கோ கட்டியது போய்ச் சேராவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், அதற்கு மேல் நாளுக்கு நூறு. அதே 2019 அட்டவணை.

எண்ணைத் தப்பாக அடித்து யாருக்கோ ரீசார்ஜ் செய்துவிட்டீர்கள் என்றால், அது தர்மக் கணக்கு.

ஆகஸ்ட் 3

தம்பி மறுபடி வந்து கேட்டிருக்கிறார்: சார், கடைசியில் போடலாமா வேண்டாமா? மூன்று மாதமாக நீங்களும் உங்கள் பெரியம்மாவும்தான் பேசுகிறீர்கள்.

சரி. மே 4 காலையில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். முழுசாக இல்லை.

நாச் வேண்டாம், ஐம்பது இல்லை, நூறு ரூபாய் தள்ளுபடி கொடுத்தாலும். யுபிஐ ஆட்டோபே போடுங்கள். நான் ஜூன் 14 கூத்துக்குப் பிறகு போட்டேன். முன்தகவல் வருகிறது. எந்தெந்த மேன்டேட் உயிரோடு இருக்கிறது என்று செயலியில் ஒரே இடத்தில் தெரிகிறது. ரத்து செய்ய யாரிடமும் கெஞ்ச வேண்டாம், நாமே பொத்தானை அழுத்தி பின் போட்டால் முடிந்தது. அந்த யுஎம்ஆர்என் ஜாதகம் தேவையில்லை. ஆனால் உச்ச வரம்பைப் பாருங்கள். கம்பெனியின் தளத்தில் போட்டபோது அவர்கள் வைத்திருந்த வரம்பு என் பில்லைவிடப் பல மடங்கு. பில் கட்டும் செயலி வழியாகப் போட்டபோது நானே ஆயிரம் என்று போட முடிந்தது. ஆசிரியை அம்மாவின் படிவம்தான் ஞாபகம் வந்தது. கட்டம் அதேதான், காகிதம் மட்டும் இல்லை.

கணக்கையும் பிரித்துவிட்டேன். ஓய்வூதியம் வரும் கணக்கில் எந்த ஆட்டோ டெபிட்டும் இல்லை. சின்னதாக ஒரு கணக்கு, அதில் இரண்டு மாத பில்லுக்கு வேண்டியது மட்டும்.

அப்பாவின் போஸ்ட்பெய்டை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர் கணக்கிலிருந்து வேண்டாம். உங்களுடையதிலிருந்து போடுங்கள். கூடாது என்று அவர் சொல்வது பணத்துக்காக இல்லை என்று நினைக்கிறேன். தனக்குத் தெரியாமல் தன் கணக்கில் ஏதோ நடக்கிறது என்பது அந்த வயதில் பொறுக்காது. எனக்கே பொறுக்கவில்லை.

ஆகஸ்ட் 3, மாலை

இன்னொரு சின்ன விஷயம். ஆகஸ்ட் 1 முதல் யுபிஐ ஆட்டோபே பிடித்தங்கள் நெரிசல் இல்லாத நேரத்தில்தான் ஓடும்: காலை 10-க்கு முன், மதியம் 1 முதல் 5, இரவு 9.30-க்குப் பின். பத்தரைக்குப் பணம் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். முந்தைய இரவே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 24

வந்தது. ஆகஸ்ட் 20-ஆம் தேதி வங்கி 5,300 ரூபாய் வரவு வைத்திருக்கிறது, 53 நாளுக்கு நாளுக்கு நூறு. கவுன்டர் பெண்ணைப் பார்த்து, சிஸ்டத்தில் ஆப்ஷன் வந்துவிட்டது போலிருக்கிறதே என்று கேட்க நினைத்தேன். கூட்டம் அதிகமாக இருந்தது, அவள் முகத்தைப் பார்த்தேன், பேசாமல் பாஸ்புக்கை மட்டும் பதிந்துகொண்டு வந்துவிட்டேன்.

மீதி பிப்ரவரி, மார்ச். 1,177 ரூபாய் 64 காசு. அது கம்பெனியின் கணக்கு. அங்கே புகார், அப்புறம் அவர்களுடைய மேல்முறையீடு என்று இரண்டு படியும் ஏறினேன். நேற்று பதில் வந்திருக்கிறது. தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். தொகை முழுவதையும் என்னுடைய அடுத்த பில்லில் கழித்துக்கொள்வார்களாம்.